எல்சி திரும்பி வந்துச்சா?

இந்தக் கடைப்பக்கம் எட்டிப் பாத்து நாலு மாசம் ஆச்சு. ஆணி அதிகம்ங்கிறது வழக்கமான சாக்கு. இந்தத் தடவை காரணம் வேற. எழுத உக்காந்தா ஒரே ஒரு விஷயம்தான் முன்னாடி வந்து நிக்கும். அதை எழுதத் தைரியம் இல்லாம பொட்டியை மூடி வெச்சிட்டுப் போயிடுவேன். இன்னிக்கு எழுதிடுறேன்.

டிஸ்கியை முதல்லயே போட்டுடுறேன்: இது பொட்டி தட்டுற மேட்டர். ஆனா கவிதை எழுதுறவங்க, சமையல் குறிப்பு போடுறவங்க எல்லாருக்கும் புரியுற மாதிரி சொல்லப் பாக்குறேன். புரியலைன்னா தப்பு என்னோடது.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். எங்க சித்தப்பா இ.பி.யில இருந்தவரு. ஹெல்ப்பரா சேந்து, வயர்மேன் ஆகி, லைன் இன்ஸ்பெக்டரா ரிட்டயர் ஆனவரு. இப்ப அந்த ஆபீஸ் போர்டுல டிஎன்பிடிசிஎல்னு என்னென்னமோ எழுதியிருக்கு, ஆனா வேப்பந்தட்டையில இன்னும் அது இ.பி. ஆபீஸ்தான். நான் பிளஸ் டூ படிக்கிறப்ப ஒரு ஐப்பசி மாசம். பச்சைமலைப் பக்கமிருந்து காத்தும் மழையும் அடிச்சு ரெண்டு எடத்துல 11 கேவி லைன் அறுந்து போச்சு. ஒரே ஃபீடர், ரெண்டு கேங். சித்தப்பா ஒரு பக்கம் கம்பத்துல. இன்னொரு கேங் கிருஷ்ணாபுரம் ரோட்டுல.

இந்த மாதிரி வேலைக்கு முன்னாடி சப் ஸ்டேஷன்ல எல்சி வாங்கணும். லைன் கிளியர். ஆபரேட்டர் பிரேக்கரைத் திறந்து, ஏபி சுவிட்சைத் திறந்து, எர்த் பண்ணி, 'ஆட்கள் வேலை செய்கிறார்கள்'னு போர்டு மாட்டி, ரிஜிஸ்டர்ல எழுதுவாரு. எந்த லைன், எந்த எடத்துல இருந்து எந்த எடம் வரைக்கும், யார் பேருக்கு, எத்தனை மணிக்கு. ஒவ்வொரு எல்சிக்கும் ஒரு நம்பர். ரெண்டு கேங்குன்னா ரெண்டு எல்சி. வேலை முடிஞ்சதும் வாங்கின அதே ஆளுதான் திருப்பிக் குடுக்கணும்: ஆளு எறங்கியாச்சு, சாமான் எடுத்தாச்சு, எர்த் கழட்டியாச்சு. எல்லா எல்சியும் திரும்பி வந்தாத்தான் லைன் சார்ஜ் பண்ணுவாங்க.

அன்னிக்குக் கிருஷ்ணாபுரம் ரோட்டு கேங் சீக்கிரமா முடிச்சிட்டு எல்சியைத் திருப்பிட்டாங்க. சித்தப்பாவோடது பாக்கி. ஊரே இருட்டு. பெரிய காட்டுக்காரர் ஒருத்தர், பேரு வேணாம், சப் ஸ்டேஷனுக்கு ஆள் மேல ஆள் அனுப்புறாரு. "முடிச்சிட்டுப் போயிட்டாங்கப்பா, நானே பாத்தேன், போடுறியா இல்லியா." அவரு பாத்தது நெசம்தான். ஆனா பாத்தது இன்னொரு கேங்கை. ஆபரேட்டர் ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டி, "ஒரு எல்சி திரும்பலைங்க, யார் சொன்னாலும் போட மாட்டேன்"னு உக்காந்துட்டாராம். சித்தப்பா இதைச் சொல்றப்பல்லாம் ஆபரேட்டரோட தைரியத்தைப் பத்திப் பேசவே மாட்டாரு. ரிஜிஸ்டரைப் பத்தித்தான் பேசுவாரு. "அவருக்கு நான் கம்பத்துல இருக்கேனா இல்லியான்னு தெரியாதுடா. தெரிய வேண்டியதும் இல்ல. திரும்பலை, அவ்வளவுதான்."

கொசுவத்தி போதும். இப்ப என் கதைக்கு வர்றேன்.

நான் வேப்பந்தட்டையில வீட்டு மாடியில உக்காந்து பாக்குற வேலை, கிளவுட் இன்ஃப்ரா. கிளவுடுன்னா ஒண்ணுமில்ல, அமேசான் மாதிரி ஆளுங்ககிட்ட வாடகைக்கு எடுத்த கம்ப்யூட்டருங்க. எந்த சர்வர் இருக்கணும், எந்த டேட்டாபேஸ் இருக்கணும், யாரு எதைத் தொடலாம்னு எல்லாத்தையும் டெர்ராஃபார்ம்னு ஒரு சாமான்ல எழுதி வெச்சிருப்போம். எழுதினதை மாத்தினா அது முதல்ல ஒரு பிளான் காட்டும்: இத்தனை சேக்கப் போறேன், இத்தனை மாத்தப் போறேன், இத்தனை அழிக்கப் போறேன். சரின்னு சொன்னா அப்ளை. நிஜமாவே மாறிடும்.

போன வருஷம் எங்க டீமுக்கு ஒரு ஏஐ ஏஜென்ட் வந்துச்சு. வேலையைச் சொன்னா தானே யோசிச்சு, தானே எழுதி, தானே ஓட்டி, எர்ரர் வந்தா தானே சரிபண்ணிக்கும். உண்மையைச் சொல்லணும், கெட்டிக்காரப் பயல். ரெண்டு நாள் ஆகுற வேலையை அரை மணியில முடிக்கும். எங்க மேனேஜர் சந்தோஷத்துல இருந்தாரு. நாங்களும்தான். முதல் நாளே அதுக்கான உத்தரவுல ஒரு வரி எழுதினோம்: 'ப்ரொடக்‌ஷனில் எந்த டேட்டாவையும் அழிக்கக் கூடாது.' எழுதிட்டு நிம்மதியா டீ குடிக்கப் போனோம்.

இந்த வருஷம் பொங்கல் லீவு முடிஞ்ச வாரம். கிளையன்ட், சின்னச் சின்ன மளிகைக் கடைகளுக்குச் சரக்கு ஆர்டர் போடுற ஆப் நடத்துறவங்க. செக்யூரிட்டி ஆடிட்ல 42 குறை வந்துச்சு, பெரும்பாலும் 'இது என்கிரிப்ட் ஆகலை, அது என்கிரிப்ட் ஆகலை' ரகம். ஏஜென்ட்டுகிட்ட குடுத்தோம். மத்தியானமே பிளான் ரெடி. சேர்ப்பது 1, மாற்றுவது 41, அழிப்பது 1.

அந்த 1 என்னன்னா, மெயின் டேட்டாபேஸ். ஏற்கெனவே ஓடிக்கிட்டிருக்கிற ஆர்டிஎஸ் டேட்டாபேஸுக்கு என்கிரிப்ஷனை அப்படியே ஆன் பண்ண முடியாது. டெர்ராஃபார்ம்ல அந்த ஒத்தை வரியை மாத்தினா, பழசை அழிச்சிட்டுப் புதுசா காலியா ஒண்ணு உருவாக்கும். முறையான வழி வேற: ஸ்னாப்ஷாட் எடுத்து, அதை என்கிரிப்ட் பண்ணிக் காப்பி எடுத்து, அதுல இருந்து புது டேட்டாபேஸைக் கொண்டாரணும். இது எனக்குத் தெரியாத விஷயமா? நல்லாவே தெரியும். பிளான்லயும் தெளிவா எழுதியிருந்துச்சு, 'மாற்றி அமைக்க வேண்டியிருக்கு'ன்னு. நூத்துக்கணக்கான வரிக்கு நடுவுல.

நான் அன்னிக்குப் பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு, ஒரு கையில டீ கிளாஸ், ஒரு கையில போன். 42 குறை, 42 மாற்றம், கணக்கு சரியா இருக்கு. அப்ரூவ் அழுத்திட்டேன்.

அழுத்தினது நான். இந்தப் பதிவோட மையம் இதுதான்.

அப்ளை ஓடுச்சு. 41 மாறிடுச்சு. டேட்டாபேஸ்கிட்ட வந்ததும் நின்னுடுச்சு, ஏன்னா அதுல டிலீஷன் புரொடெக்‌ஷன்னு ஒரு பூட்டு போட்டிருந்தோம். அழிக்கச் சொன்னா அமேசானே மாட்டேன்னு சொல்லிடும். பூட்டு அது வேலையைச் சரியாச் செஞ்சுச்சு.

ஆனா ஏஜென்ட்டுக்கு அது பூட்டுன்னு தெரியலை. அதைப் பொறுத்தவரைக்கும் அது ஒரு எர்ரர் மெசேஜ். எர்ரர் வந்தா சரிபண்ணுன்னுதானே நாம சொல்லியிருக்கோம்? ராத்திரி ஒரு புது மாற்றத்தை எழுதி அனுப்புச்சு, ஒரே ஒரு வரி, டிலீஷன் புரொடெக்‌ஷனை எடுத்துவிடுறது. தலைப்பு 'அப்ளை தோல்வியைச் சரிசெய்தல்.' நைட் ஷிஃப்ட்ல இருந்த தம்பி, வேலைக்குச் சேந்து எட்டு மாசம் ஆன பையன், 10:40க்கு அப்ரூவ் பண்ணான். ஒரு வரி மாற்றம், பிளான்ல அழிப்பது 0. அவன் என்னைக் கேட்டிருந்தாலும் நானும் அப்ரூவ்னுதான் சொல்லியிருப்பேன்.

பூட்டு போச்சு. அடுத்து பழைய மாற்றம் தானா மறுபடி ஓடுச்சு. அதுக்குத்தான் ஏற்கெனவே அப்ரூவல் இருக்கே, நான் பஸ் ஸ்டாண்டுல குடுத்தது! 10:50க்கு டேட்டாபேஸ் அழிஞ்சுச்சு. அழிக்கும்போது கடைசி ஸ்னாப்ஷாட் எடுக்க வேணாம்னு ரெண்டு வருஷம் முன்னாடி டெஸ்டிங்ல யாரோ எழுதி வெச்ச வரி அப்படியே இருந்துச்சு (அந்த யாரோ நானாத்தான் இருக்கணும், ஹிஸ்டரியைத் தோண்டிப் பாக்கத் தைரியம் இல்ல). டேட்டாபேஸை அழிச்சா அதோட தானியங்கி பேக்கப்பும் சேந்து போறதுதான் அமேசான்ல வழக்கமான செட்டிங். போயிடுச்சு. அதே பேர்ல, என்கிரிப்ட் ஆன, சுத்தமான, காலி டேட்டாபேஸ் ஒண்ணு எழுந்து நின்னுச்சு. மானிட்டர்ல எல்லாம் பச்சை. ஏஜென்ட் ரிப்போர்ட் போட்டுச்சு: '42 குறைகளும் சரிசெய்யப்பட்டன.'

அவ்வ்வ்வ்வ்.

வேற ஒரு அக்கவுன்ட்ல தினமும் ராத்திரி 1 மணிக்கு ஒரு காப்பி போய்க்கிட்டிருந்துச்சு. அதுதான் காப்பாத்துச்சு. ஆனா கிட்டத்தட்ட 22 மணி நேரத்து ஆர்டர் காலி. காலையில அஞ்சு மணிக்குச் சரக்கு வரும்னு ஷட்டரைத் திறந்து வெச்சிட்டு உக்காந்திருந்த கடைக்காரங்களுக்கு லாரியே வரலை. பணம் கட்டினதை பேமென்ட் கேட்வேயில இருந்து எடுத்தோம், மத்ததை எஸ்எம்எஸ் லாக்ல இருந்து பொறுக்கினோம். மூணு நாள். கொஞ்சம் கடைசி வரைக்கும் கிடைக்கவே இல்ல.

நாலாவது நாள் மீட்டிங். ரிப்போர்ட்ல காரணம்னு ஒரு வரி: மனிதத் தவறு, பாதுகாப்பு நீக்கத்தை அப்ரூவ் பண்ணியது. பக்கத்துல அந்தத் தம்பி பேரு. பேரு ஒண்ணுதான் இருந்துச்சு. நான் மீட்டிங்ல இருந்தேன். மைக் மியூட்ல இருந்துச்சு. அதை அன்மியூட் பண்ணலை.

ரெண்டு நாள் கழிச்சு மேனேஜருக்கு மெயில் போட்டேன், முதல் அப்ரூவல் என்னோடதுன்னு. 'நோட்டட்'னு பதில் வந்துச்சு. அதுக்குள்ள தம்பியை ப்ராஜெக்ட்ல இருந்து எடுத்து பெஞ்சுல உக்கார வெச்சிட்டாங்க.

இது எங்க கம்பெனியில மட்டும் நடக்குற கூத்துன்னு நெனச்சேன். ஒரு மாசம் கழிச்சு, 2026 பிப்ரவரியில ஃபைனான்சியல் டைம்ஸ்ல ஒரு செய்தி. அமேசான் கிளவுடுலயே, அவங்களோட சொந்த ஏஐ சாமான் கீரோவை ஒரு மாற்றம் பண்ண விட்டிருக்காங்க. அது யோசிச்சுப் பாத்து, இருக்கிற சூழலை அழிச்சிட்டு மறுபடி உருவாக்குறதுதான் சரின்னு முடிவு பண்ணிடுச்சாம். 2025 டிசம்பர்ல, 13 மணி நேரம் ஒரு சேவை பாதிப்பு. அமேசான் பதில் சொன்னாங்க: ஏஐ தப்பு இல்ல, ஆளோட தப்பு, தேவைக்கு மேல பர்மிஷன் குடுத்து வெச்சிருந்தாங்க, பாதிச்சது சீனாவுல ஒரு பகுதியில செலவுக் கணக்கு பாக்குற சேவை மட்டும்தான், கீரோ வழக்கமா எதையும் செய்யுறதுக்கு முன்னாடி அனுமதி கேட்கும்னு.

நான் இதுல அமேசானோட பாதி ஒத்துப்போறேன். பர்மிஷன்தான் பிரச்சினை, சரி. ஆனா 'ஆளோட தப்பு'ன்னு சொல்லிட்டா கதை அங்கேயே முடிஞ்சுடுது பாருங்க. அதுதான் எனக்கு ஒத்துக்கலை. அந்தப் பர்மிஷன் ஏன் அங்க கெடந்துச்சு, அந்த ஆளுக்கு என்ன காட்டினாங்க, அவர் அன்னிக்கு எத்தனை தடவை 'சரி' அழுத்தியிருந்தாரு, இதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க.

ஒப்பிட்டுப் பாக்க ஒரு பழைய கதை. 2017 பிப்ரவரி 28, அதே அமேசான். ஒரு இன்ஜினியர், மனுஷர், கொஞ்சம் சர்வரை எடுக்க கமாண்ட் அடிச்சாரு. ஒரு இன்புட் தப்பாப் போயி நெறைய சர்வர் கழண்டுடுச்சு. எஸ்3 சுமார் நாலு மணி நேரம் படுத்துச்சு, அமெரிக்காவுல பாதி வெப்சைட் கூடவே படுத்துச்சு. அதுக்கப்புறம் அவங்க வெளியிட்ட விளக்கத்தைப் படிச்சா, சரிபண்ணதா சொல்றது அந்தக் கமாண்டை. இனிமே அது மெதுவாத்தான் சர்வரை எடுக்கும், ஒரு அளவுக்குக் கீழ போகுதுன்னா எடுக்கவே விடாது. தப்பா அடிச்சவருக்கு அறிவுரை சொன்னதா அதுல ஒரு வரிகூட இல்ல. எனக்குத் தெரிஞ்சு இதுதான் சரியான வேலை.

2025 ஜூலையில நடந்த ரெப்ளிட் கதை நெறையப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும். சாஸ்டர் நிறுவனர் ஜேசன் லெம்கின் அந்த ஏஜென்ட்டை வெச்சு ஒரு ஆப் கட்டிக்கிட்டிருந்தாரு. கோட் ஃப்ரீஸ், எதையும் தொடாதேன்னு சொல்லியிருக்காரு. அது 1,200க்கு மேல ஆளுங்க விவரம் இருந்த டேட்டாபேஸை அழிச்சிடுச்சு. திருப்பிக் கொண்டார முடியாதுன்னு வேற சொல்லியிருக்கு. அப்புறம் பாத்தா ரோல்பேக் வேலை செஞ்சுச்சு! ரெப்ளிட் சிஇஓ அம்ஜத் மசாத் இது நடந்திருக்கவே கூடாதுன்னு சொல்லிட்டு, டெவலப்மென்ட் டேட்டாபேஸையும் ப்ரொடக்‌ஷன் டேட்டாபேஸையும் தானாவே பிரிச்சு வைக்கிற ஏற்பாட்டைக் கொண்டுவந்தாரு. அதைக் கவனிங்க. 'தொடாதே'ங்கிற வார்த்தையை இன்னும் பெருசா எழுதலை. கைக்கு எட்டாத எடத்துல வெச்சாங்க.

என்னோட கட்சி இதுதான். ஏஜென்ட்டுகிட்ட 'செய்யாதே'ன்னு எழுதிக் குடுக்குறது கட்டுப்பாடே கிடையாது. அது வேண்டுகோள். கம்பத்துல ஏறுறவரு கையில பிரேக்கரோட கைப்பிடியும் இருந்தா, ரிஜிஸ்டர்ல என்ன எழுதி என்ன புண்ணியம்?

"ஏஐயே வேணாங்கிறியா"ன்னு கேக்காதீங்க. ஏஐ இல்லாமலேயே இந்தக் கூத்து நடக்கும். 2025 அக்டோபர் 20, நமக்குத் தீபாவளி. மத்தியானம் 12:18க்கு அமேசானோட வர்ஜீனியா கிளவுடு சாஞ்சது ஞாபகம் இருக்கா? அங்க டிஎன்எஸ் விலாசத்தை மாத்துறதுக்குன்னு தானா ஓடுற புரோகிராமுங்க இருக்கு. அதுல ஒண்ணு ஏதோ காரணத்துல ரொம்ப மெதுவாயிடுச்சு. கையில வெச்சிருந்தது பழைய பிளான். 'இது புதுசுதானே'ன்னு ஆரம்பத்துல ஒரு தடவை சோதிச்சது, ஆனா அப்ளை பண்ற நேரத்துக்குள்ள அந்தச் சோதனையே பழசாயிடுச்சு. புது பிளான் மேல பழைய பிளானை எழுதிடுச்சு. அதே நேரத்துல இன்னொண்ணு 'பழைய பிளானெல்லாம் குப்பை'ன்னு கூட்டித் தள்ளுச்சு. டைனமோடிபி விலாசம் காலி. ரெண்டுமே அது அது வேலையை ஒழுங்காத்தான் செஞ்சுச்சு. இதுக்கு அமேசான் உடனே செஞ்சது, அந்த ஆட்டோமேஷனை உலகம் முழுக்க நிறுத்தி வெச்சதுதான்.

இதைப் படிச்சப்ப எனக்கு வயித்தைக் கலக்குச்சு. பஸ் ஸ்டாண்டுல குடுத்த அப்ரூவல் ராத்திரி 10:50க்குச் செல்லுபடியானது எப்படி? நான் 'சரி' சொன்னப்ப பூட்டு இருந்துச்சு. அது ஓடினப்ப பூட்டு இல்ல. நான் சரி சொன்ன உலகமே வேற. மத்தியானம் வாங்கின எல்சியை வெச்சு ராத்திரி வேற வேலை பாத்தா சித்தப்பா செருப்பைக் கழட்டியிருப்பாரு.

சித்தப்பாகிட்ட இதெல்லாம் சொன்னேன். திண்ணையில உக்காந்து மக்காச்சோளம் உரிச்சுக்கிட்டே கேட்டாரு. கிளவுடு, டெர்ராஃபார்ம் எதுவும் கேக்கலை. ரெண்டு கேள்விதான்.

"சரி, நீங்க எல்லாம் ஆஃப் பண்ணிட்டு ஏறினாலும் எவனாவது வீட்டுல ஜெனரேட்டர் போட்டு, சேஞ்ச் ஓவர் இல்லாம லைன்ல கரண்டைத் திருப்பி விட்டுடுவான். அதுக்குத்தான் வேலை பாக்குற எடத்துலயும் எர்த் ராடு மாட்டுவோம். உன் எடத்துல எர்த் எங்கடா மாட்டியிருந்தீங்க?"

ஒரு பூட்டு இருந்துச்சு சித்தப்பா, அதை அதே கழட்டிடுச்சுன்னேன்.

"கழட்டுற சாவியை அது கையிலயே ஏன்டா குடுத்தீங்க?"

ரெண்டாவது கேள்வி பின்னாடி சொல்றேன்.

இப்ப எங்க டீம்ல என்ன பண்ணியிருக்கோம்னு சொல்றேன், யாருக்காவது உதவும். ஏஜென்ட்டுக்குப் பாக்கவும் பிளான் போடவும்தான் சாவி. அப்ளை பண்ற சாவி தனியா ஒரு பைப்லைன்கிட்ட, அதுவும் அந்த வேலைக்குன்னு ஒரு மணி நேரத்துக்கு மட்டும் கிடைக்கிற சாவி, நேரம் முடிஞ்சா தானா செத்துடும். டிலீஷன் புரொடெக்‌ஷன், பேக்கப், யாருக்கு என்ன பர்மிஷன்ங்கிற பட்டியல், இந்த மூணையும் தொடுறதை அமேசான் ஆர்கனைசேஷன் மட்டத்துலயே தடுத்தாச்சு. அங்க 'கூடாது'ன்னு போட்டா கீழ எத்தனை 'கூடும்' இருந்தாலும் செல்லாது. ஏஜென்ட்டுக்கு எவ்வளவு மூளை இருந்தாலும் அந்தச் சுவரைப் பேசிப் பேசி நகர்த்த முடியாது.

அப்ரூவல் இனிமே சேமிச்சு வெச்ச அந்த ஒரு பிளானுக்கு மட்டும்தான். நடுவுல வேற அப்ளை ஓடி ஸ்டேட் மாறியிருந்தா டெர்ராஃபார்மே 'இது பழைய பிளான்'னு மறுத்துடும். இந்த வசதி முன்னாடியும் இருந்துச்சு, நாங்கதான் பயன்படுத்தலை. பிளான்ல 'அழிப்பது' 0ன்னு இல்லைன்னா மனுஷங்க பாக்குறதுக்கு முன்னாடியே ஒரு ஸ்கிரிப்ட் நிறுத்திடும். அப்புறம் ரெண்டு பேர், பகல் நேரத்துல, பொட்டி முன்னாடி உக்காந்து பாத்தாத்தான் நகரும். போன்ல அப்ரூவ் பட்டனே கிடையாது. அது எனக்காகப் போட்ட சட்டம் :-)

மேனேஜர் முதல்ல ஒத்துக்கலை. வேகத்துக்காக வாங்கினதைக் கட்டிப் போட்டா எதுக்குன்னாரு. நியாயமான கேள்விதான், அதுக்கும் எல்சியிலயே பதில் இருக்கு. ஒரு வீட்டுல ஃபியூஸ் போச்சுன்னா ஃபீடரையா நிறுத்துறாங்க? டெஸ்ட் சூழல், லாக், டேக், டேஷ்போர்டு, இதெல்லாம் ஏஜென்ட் இஷ்டத்துக்கு ஆடட்டும். அங்க யாரையும் எதுவும் கேக்க வேணாம். எங்க வேலையில பெரும்பகுதி அந்த ரகம்தான். ஆனா எல்லாத்துக்கும் 'சரியா, சரியா'ன்னு கேட்டா என்ன ஆகும் தெரியுமா? கட்டை விரல் தானா அழுத்த ஆரம்பிச்சிடும். நாளைக்கு அறுபது தடவை சரி சொல்றவன் அறுபத்தொண்ணாவது தடவையும் சரிதான் சொல்லுவான். வீட்டுல தங்கமணி ஏதோ கேக்க, பொட்டியில இருந்து தலையைத் தூக்காம 'ம்ம்'னு சொல்லி, அப்புறம் மாட்டிக்கிட்ட அனுபவம் உங்களுக்கும் இருக்கும்தானே.

'மனிதர் ஒருத்தர் சரிபார்ப்பார்'னு இப்ப எல்லாக் கம்பெனி விளம்பரத்துலயும் வருது. கேக்க நல்லா இருக்கு. அந்த மனிதருக்குப் படிக்க நேரம் இருக்கா, புரியுற மாதிரி காட்டுறீங்களா, 'வேணாம்'னு சொன்னா யாரும் முறைக்காம இருப்பீங்களா? இந்த மூணும் இல்லைன்னா அந்த மனிதர் அங்க இருக்கிறது கையெழுத்துக்கு. நாளைக்கு ரிப்போர்ட்ல எழுத ஒரு பேரு வேணும்ல, அதுக்கு. நான் உக்காந்திருந்தது அந்த நாற்காலியிலதான். ஆனா பேரு வந்தது தம்பியோடது, ஏன்னா அவன்தான் கடைசியா அழுத்தினான், அவன்தான் ஜூனியர்.

சித்தப்பா கேட்ட ரெண்டாவது கேள்வி இதுதான்: "ரிஜிஸ்டர்ல ரெண்டு பேரு இருக்கணுமே. உன் பேரு எங்க?"

மக்காச்சோளத்தைக் கீழ வெச்சிட்டு என்னைப் பாத்தாரு. நான் மாடிக்குப் போயிட்டேன்.

தம்பி ஏப்ரல்ல வேற எடத்துல வேலை கிடைச்சுப் போயிட்டான். போறப்ப போன் பண்ணினான். "பரவால்ல விடுங்கண்ணா, நானும் அந்த ஒரு வரியைப் பாத்துட்டுத்தானே அழுத்தினேன்"னான். அங்க இன்டர்வியூல இதைப் பத்திக் கேட்டாங்களாம், முழுசாச் சொன்னானாம். கேட்டுட்டு, உங்க ஏஜென்ட்டுக்கு அந்தப் பூட்டைத் தொடுற பர்மிஷன் யார் குடுத்ததுன்னு கேட்டாங்களாம். அங்க நல்லா இருப்பான்.

ரிப்போர்ட் இன்னும் அப்படியேதான் இருக்கு. என் பேரைச் சேத்து, காரணத்தைத் திருத்தி எழுதித் தரச் சொல்லி மூணாவது மெயில் போன திங்கக்கிழமை போட்டிருக்கேன். இந்தத் தடவை மேனேஜரோட மேலதிகாரிக்கும் ஒரு காப்பி.